டெல்டா மீரானும் ஐந்து எச்.பி. மோட்டாரும்

சூலியா தெருப் பக்கம் நாகூர் மீரான் என்று விசாரித்தால் நாலு பேரைக் காட்டுவார்கள். ஒருவர் காசு மாற்றுகிறவர், ஒருவர் பிரியாணிக்குப் பேர் போனவர், ஒருவர் எப்போது போனாலும் ஊரில் இருக்கமாட்டார். மோட்டார் சுற்றுகிறவர் வேண்டுமென்றால் டெல்டா மீரான் என்று கேட்க வேண்டும். சந்துக்குள் மூன்றாவது கடை. பலகையில் ஒரு சிவப்பு முக்கோணம், கீழே 'டெல்டா மோட்டார் வைண்டிங்'.

நான் ஜெயந்தி. எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் பதினேழு வருடமாகத் தலைமைத் தாதி. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு வாரம் மூன்று முறை, நான்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவது எங்கள் வேலை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். நோயாளிகள் என்னை 'மிஸ்ஸி' என்று கூப்பிடுவார்கள்; முதுகுக்குப் பின்னால் வேறு என்னவோ சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றும் தெரியும். மீரானைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அவர் வாழ்க்கையில் மிகக் கெட்ட இரண்டு நாட்கள் என் கண் முன்னால் நடந்தன என்பதுதான். அதில் என் பங்கும் உண்டு. அது வரும்போது சொல்கிறேன்.

மீரானின் வாப்பா நாசி கண்டார் சோற்றுக் கடையில் குழம்பு ஊற்றினவர். மகனுக்கும் அந்தக் கரண்டியைக் கொடுத்துப் பார்த்தார். பையன் குழம்பைத் தட்டில் ஊற்றாமல் மின்விசிறி ஏன் மெதுவாகச் சுற்றுகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பதினாறு வயதில் மீரான் படகேறி அக்கரைக்குப் போனார். தாசேக் கெலுகோரில் ஒரு சீன முதலாளி, தௌக்கே, மோட்டார் சுற்றும் பட்டறை வைத்திருந்தார். ரப்பர் ஆலை, மர ஆலை, நெல் ஆலை, செம்பனை ஆலை, எல்லா இடத்து மோட்டாரும் எரிந்துபோனால் அங்கேதான் வரும். பதினோரு வருடம் அங்கே கிடந்தார். திரும்பி வந்து சந்தில் சொந்தக் கடை போட்டபோது பேருக்காக மூளையைக் கசக்கவில்லை.

ஏன் டெல்டா என்று ஒருமுறை கேட்டேன். மூன்று கம்பி மின்சாரத்தில் ஓடும் மோட்டாருக்குள் மூன்று சுருள்கள் இருக்கும். மூன்றின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால் அது ஸ்டார். ஒன்றின் வாலை அடுத்ததன் தலையில் கட்டி முக்கோணமாக்கினால் அது டெல்டா. பெரிய மோட்டார்கள் ஸ்டாரில் மெல்லக் கிளம்பி, வேகம் பிடித்ததும் டெல்டாவுக்கு மாறும்.

"கெளம்பறதுக்குத்தான் மிஸ்ஸி ஸ்டாரு. ஒழைக்கறது டெல்டாவுலதான். நம்ம ஒழைக்கிற ஜாதி, அதான் அந்தப் பேரு" என்றார்.

அவர் மனைவி மஹ்பூபாவுக்குச் சர்க்கரை நோயில் சிறுநீரகம் போய், எங்களிடம் வர ஆரம்பித்து ஏழு வருடம். செவ்வாய், வியாழன், சனி, இரண்டாவது ஷிப்ட். மீரான் கூட்டி வந்து உட்கார வைப்பார், நான்கு மணி நேரம் கழித்து வந்து கூட்டிப் போவார். நடுவில் நிலையத்தில் எது நின்றுபோனாலும் அவர்தான் பார்ப்பார். கூலி கேட்டால் "ஒரு கப் தே தாரிக் வாங்கிக் குடுங்க போதும்" என்பார். பேத்தி எடுத்த வயதிலும் மஹ்பூபாவின் கட்டிலோரம் நின்று போர்வையை இழுத்துவிட்டுவிட்டுத்தான் போவார். எனக்கு அதைப் பார்த்தால் சில நாள் சந்தோஷமாக இருக்கும், சில நாள் பொறாமையாக இருக்கும்.

அடுத்த கட்டில் பெரியகருப்பன் அண்ணனுக்கு. பீச் தெருவில் கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் முப்பத்தைந்து வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர்மலையில் நாலாவது மாடி ஃபிளாட்டில் அவரும் மனைவி நாச்சம்மை ஆச்சியும் மட்டும். பிள்ளைகள் மெல்பர்னில். ஒரு கையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு மறு கையில் போனை வைத்துக்கொண்டு எதையாவது தேடிக்கொண்டிருப்பார். மீரானைப் பார்த்தாலே அவருக்கு நாக்கு அரிக்கும்.

"டெல்டா, கப்பல்ல 'டி' கொடிக்குப் பேரே உன் பேருதான் தெரியுமா? மஞ்ச, நீலம், மஞ்ச. அதை ஏத்துனா என்னா அர்த்தம்? கிட்ட வராதே, எனக்குத் திரும்பறதே கஷ்டமா இருக்கு."

"அப்ப அது எனக்கில்லண்ணே, உங்களுக்கு" என்பார் மீரான். கட்டிலில் புரள முடியாமல் கிடந்தவர் சிரித்துச் சிரித்து இயந்திரத்தையே கத்த வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அது ஒரு விளையாட்டாகிவிட்டது. பெரியகருப்பன் அண்ணன் சட்டைப் பையில் அடங்கும் ஒரு 555 நோட்டு வாங்கி டெல்டாவின் அர்த்தங்களை எழுத ஆரம்பித்தார். ஆறு கடலில் விழுகிற இடத்தில் முக்கோணமாக விரிவது டெல்டா. கிரேக்கர்கள் தங்கள் எழுத்தின் வடிவத்தை நைல் நதியில் பார்த்துவிட்டு வைத்த பேராம். மீரானின் பாட்டனார் கப்பலேறின நாகூரே காவிரி டெல்டாவில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்து வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். கணக்குப் புத்தகத்தில் அதே முக்கோணத்தைப் போட்டால் மாற்றம். வேதியியலில் அம்புக்குறி மேல் போட்டால் சூடாக்கு. பங்குச் சந்தையில் அது வேறு என்னவோ ஏற்ற இறக்கக் கணக்கு. அதை அவர் விளக்கியபோது நான் பக்கத்துக் கட்டிலுக்கு நழுவிவிட்டேன். ஆழ்ந்த தூக்கத்தில் மூளையில் ஓடும் அலைக்கும் அதே பேர். மஹ்பூபா குறட்டை விடும்போது, "சத்தம் போடாதீங்க, அந்தம்மா டெல்டாவுல இருக்காங்க" என்பார். ஒரே எழுத்தை ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டு போய் அவரவர் பிழைப்பில் குந்த வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்கு ஓயாத ஆச்சரியம்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் வருடம் நடுவில் அந்தப் பேர் ஒரு கிருமிக்கும் போனது. அதற்குப் பிறகு மற்ற அர்த்தமெல்லாம் யாருக்கும் நினைவில்லை. மீரானின் கடைப் பலகையில் எவனோ ஒரு முகக்கவசத்தை மாட்டிவிட்டுப் போனான். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். பேரை மாற்றச் சொல்லி வாடிக்கைக்காரர்களே சொன்னார்கள். "கிருமிக்கு முந்தியே நான் வெச்ச பேரு. அது வேணும்னா மாத்திக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். பெரியகருப்பன் அண்ணன் மட்டும் நோட்டில் இன்னொரு வரி சேர்த்தார். ஊசி போட்டுக்கொள்கிற தோள் தசைக்கு டெல்டாய்டு என்று பேராம். "டெல்டாவுக்கு ஊசி, டெல்டாவுலயே குத்துறாங்க, பாத்தியா."

ஜூலையில் எங்கள் நிலையத்துக்கு அரசாங்க ஆட்கள் சோதனைக்கு வருவதாக இருந்தது. உரிமம் புதுப்பிக்க வேண்டும். பம்ப் அறையில் துரு தெரியக்கூடாது என்று ஆள் வைத்து எல்லாவற்றுக்கும் சாம்பல் நிறப் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். அந்த ஆளும் சொன்னதைத் தட்டாமல் குழாய், பம்ப், மோட்டார், மோட்டாரில் பதித்திருந்த தகடு என்று ஒன்று விடாமல் அடித்து வைத்தான். வந்தவர்கள் பார்த்துவிட்டு இரண்டு குறை சொல்லி, ஆகஸ்டில் மறுபடி வருகிறோம் என்று போய்விட்டார்கள்.

இங்கே தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு ஆளை ஒரு முறை இயந்திரத்தில் போட்டால் நூற்றிருபது லிட்டர் சுத்தத் தண்ணீர் செலவாகும். குழாய்த் தண்ணீரைப் பம்ப் அழுத்தித் தள்ளினால்தான் அது சுத்திகரிக்கும் சவ்வுகளைத் தாண்டி வரும். பம்ப் இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லாவிட்டால் டயாலிசிஸ் இல்லை. எங்களிடம் இரண்டு பம்ப்கள். ஒன்று மூன்று மாதமாகக் கிடையில் கிடந்தது; அதற்கான பாகம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்துகொண்டே இருந்தது.

ஓடிக்கொண்டிருந்த பம்ப் மோட்டாரில் பேரிங் கத்த ஆரம்பித்தது ஆகஸ்டு மாதம் ஒரு திங்கட்கிழமை. மீரான் கடைசி ஷிப்ட் முடிந்ததும் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய், பேரிங் மாற்றி, செவ்வாய் விடியலில் தூக்கிக்கொண்டு வந்தார். ஆறரைக்கு முதல் ஷிப்ட் ஆட்கள் வந்துவிடுவார்கள். மணி ஆறு. நான் கதவில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மிஸ்ஸி, தகடு மேல பெயிண்ட் கெடக்கு. சொரண்டி ஒரு தடவ பாத்துக்கிறேன்."

"அண்ணே, நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். சொரண்டி அசிங்கம் பண்ணாதீங்க. முப்பது வருஷமா பாக்குறீங்க, உங்களுக்குத் தெரியாததா? ஆளுங்க வந்துருவாங்கலா."

அவர் ஒரு கணம் கையில் இருந்த திருப்புளியைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே மோட்டாரின் டெர்மினல் பெட்டிக்குள், சுருள் முனைகளை இணைக்கும் மூன்று பித்தளைப் பட்டைகளையும் ஒரே வரிசையில் வைத்து முடுக்கினார். பம்ப் ஓடியது. அழுத்தம் காட்டும் முள் வழக்கத்தைவிட ஒரு நூல் கீழே நின்றது. புதுப் பேரிங், ஓட ஓடச் சரியாகும் என்று இருவரும் நம்பினோம். மறுநாள் சோதனையில் பாஸாகிவிட்டோம். நான் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் நோயாளி ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்தது. சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, முதல் ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது, பம்ப் அறையிலிருந்து வார்னிஷ் கருகும் நாற்றம் வந்தது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாகக் கத்தின. இருபது பேரையும் பாதியில் கழற்றி வீட்டுக்கு அனுப்பினோம். பட்ட காலிலே படும் என்பது சும்மா இல்லை.

மீரான் பதினைந்து நிமிடத்தில் வந்துவிட்டார். மோட்டாரைத் தொட்டவர் கையை உதறினார். டெர்மினல் பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். என்னிடம் ஐம்பது சென் காசு ஒன்று கேட்டு வாங்கி, தகட்டின் மேலிருந்த பெயிண்டைச் சுரண்டினார். முக்கோணம் போட்டு நானூறு, அதன் பக்கத்தில் 'ஒய்' போட்டு அறுநூற்றுத் தொண்ணூறு என்று எழுத்துகள் தெரிந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது டெல்டா மோட்டாரு மிஸ்ஸி. நான் ஸ்டார்ல போட்டுட்டேன்."

சின்ன மோட்டாருக்கு ஸ்டார், பெரிய மோட்டாருக்கு டெல்டா. ஆலைகளில் வேலை பழகின எல்லாருக்கும் அது கைப்பழக்கம். இது ஐந்து எச்.பி.தான், கைக்கு அடக்கமாக இருந்தது. ராத்திரி கழற்றின அவசரத்தில் பழைய கட்டு எப்படி இருந்தது என்றும் அவர் பார்த்துவைக்கவில்லை. புது மாதிரி மோட்டார்களில் சின்னதையும் டெல்டாவுக்கே சுற்றிவிடுகிறார்களாம். அதை ஸ்டாரில் கட்டினால் உடனே எரியாது. ஓடும். அரை வயிற்றுக்குக் கஞ்சி ஊற்றி முழு மூட்டையைத் தூக்கச் சொன்னால் ஒருவன் எப்படி நாலு நாள் தூக்குவானோ அப்படித் தூக்கும். உள்ளே சுருள்கள் வெந்துகொண்டே இருக்கும். காவலுக்கு வைத்த ரிலேக்குக்கூடத் தெரியாது.

"தகட்டப் படிக்காம ஒரு மோட்டாரும் கட்டுனதில்ல நான். ஒன்னுகூட இல்ல" என்றார்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மோட்டாரைப் பார்த்துச் சொன்னார். 'நீதானே சுரண்டாதே என்றாய்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன், அதுவும் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

நான் போனை எடுத்தேன். பக்கத்து நிலையங்கள் மூன்றையும் கேட்டேன். உங்கள் இடத்தில் தொற்று இருக்கிறது, உங்கள் ஆட்களை எடுக்கமாட்டோம் என்று மூன்று இடத்திலும் சொன்னார்கள். தப்பில்லை, நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். பெரிய மருத்துவமனையில், மூச்சு முட்டினால் மட்டும் கொண்டு வாருங்கள் என்றார்கள், வராந்தாவிலெல்லாம் கட்டில். புது மோட்டார் கோலாலம்பூரிலிருந்து வர வேண்டும், நடமாட்டக் கட்டுப்பாட்டில் புதன்கிழமைக்கு முன்னால் வராது. மஹ்பூபாவும் பெரியகருப்பன் அண்ணனும் கடைசியாக இயந்திரத்தில் இருந்தது வியாழன். புதன்வரைக்கும் அவர்கள் தாங்கமாட்டார்கள். அதை நான் மீரானிடம் ஒளிக்கவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் சுத்திக் குடுக்கிறேன்" என்று மோட்டாரைத் தோளில் தூக்கினார். முடியுமா என்று நான் கேட்கவில்லை.

அன்று பகல் முழுக்க நாற்பது வீடுகளுக்குப் போன் செய்தேன். ஒரு நாளைக்கு இரண்டு தம்ளருக்கு மேல் தண்ணீர் கூடாது. வாழைப்பழம், இளநீர் கூடாது. டுரியான் பக்கமே போகாதீர்கள். படுத்தால் மூச்சு முட்டினால் உடனே எனக்குச் சொல்லுங்கள். பெரியகருப்பன் அண்ணன் கொஞ்சம் இருமிக்கொண்டே, "டெல்டா கையில மோட்டார் இருக்குன்னா கவலையே இல்லம்மா" என்றார். போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல் சந்துக் கடைக்குப் போனேன். மீரான் முந்தின நாளே கருகின கம்பியை எரித்து உரித்து, சுற்று எண்ணி, புதுச் செப்புக் கம்பி சுற்றி, இழுத்துக் கட்டி, காலையில் வார்னிஷில் முக்கி அடுப்பில் வைத்துவிட்டார். பழைய இரும்பு அலமாரியில் அவரே செய்த சூட்டடுப்பு. அதன் பக்கத்தில் நாற்காலியில் மஹ்பூபா உட்கார்ந்திருந்தார். மாடியில் படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று இறங்கி வந்துவிட்டாராம். பாதம் இரண்டும் பொதபொதவென்று வீங்கி, செருப்பு வார் உள்ளே புதைந்திருந்தது. முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். நெஞ்சில் நீர் ஏற ஆரம்பித்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம் மஹ்பூபா."

"அங்க போனா... வராந்தாவுல உக்கார வெப்பாங்க மிஸ்ஸி. இங்க உக்காந்தா... இவரு மொகத்தையாச்சும் பாத்துக்கிட்டு இருக்கலாம்." நடு நடுவில் நிறுத்தி மூச்சு எடுத்துத்தான் பேச முடிந்தது.

அப்போது என் போன் அடித்தது. நாச்சம்மை ஆச்சி. அண்ணனுக்கு மூச்சுத் திணறுகிறது, ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, கூட ஏற விடமாட்டேன் என்கிறார்கள் என்றார். குரல் அழுகிற குரல் இல்லை, வழி கேட்கிற குரல். டயாலிசிஸ் நோயாளி என்று அவர்களிடம் முதலிலேயே சொல்லுங்கள் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்.

போனை வைத்துவிட்டு மீரானிடம் திரும்பினேன். "வார்னிஷ் இன்னும் எவ்வளவு நேரம்?"

"காலைல எட்டு மணிக்கு வெச்சது. எட்டு மணி நேரம் ஆவணும். நாலு மணி."

"இப்பவே தொட்டுப் பாத்தா காஞ்ச மாதிரிதான இருக்கு. எடுத்துருங்கண்ணே. அங்க பெரியகருப்பன் அண்ணனுக்கு முடியல. இங்க இவங்களப் பாருங்க. போட்டு ஓட்டிப் பாப்போம்லா."

மீரான் மனைவியைப் பார்த்தார். மஹ்பூபாவின் தோள்பட்டை ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மீரானின் கை அடுப்புக் கதவின் பிடியில் போய் நின்றது. அதைத் திறந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். திறக்க வேண்டும் என்று குலதெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

"மேல காஞ்சிருக்கும். உள்ள பச்சையா இருக்கும். தண்ணி வந்து, ஆளப் போட்டு, ஒரு மணி நேரத்துல மறுபடி எரிஞ்சா, அப்புறம் சுத்த எங்கிட்ட கம்பியும் இல்ல, இவளுக்கு நேரமும் இல்ல." கையை எடுத்துவிட்டார். "இந்தத் தடவ வேணாம் மிஸ்ஸி."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அடித்திருப்பேன். கல்நெஞ்சக்காரர் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் ஒரு சின்ன முக்காலியை இழுத்து மனைவியின் காலடியில் போட்டு, வீங்கின பாதத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்றரை மணி நேரம். நான் மஹ்பூபாவின் மூச்சை எண்ணினேன்: நிமிடத்துக்கு இருபத்தெட்டு, பிறகு முப்பது, பிறகு முப்பத்திரண்டு. ஒவ்வொரு எண்ணையும் அவரிடம் சொன்னேன். அவர் வதைபட வேண்டும் என்றுதான் சொன்னேன், அதை இப்போது மறைப்பானேன். அவர் ஒவ்வொரு எண்ணுக்கும் அடுப்பின் சூட்டுமானியைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை.

நாலு மணிக்கு வெளியே எடுத்தார். நாலே முக்காலுக்கு பம்ப் அறையில் மோட்டார் நின்றது. இந்த முறை தகட்டை வாய்விட்டுப் படித்தார். பித்தளைப் பட்டைகளை மூன்று தனித்தனிப் பாலமாக, டெல்டாவுக்கு வைத்து முடுக்கினார். பட்டனை அழுத்தச் சொல்லி என்னைப் பார்த்தார். முள் சரசரவென்று ஏறி, பழைய இடத்தில் போய் நின்றது.

சவ்வுகளைக் கழுவிவிட்டுக் கொண்டிருக்கும்போதுதான் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். பெரியகருப்பன் அண்ணன் மூன்று மணிக்கே போய்விட்டார். பரிசோதனையில் தொற்று இருந்ததாம்.

மீரான் பக்கத்தில்தான் நின்றார். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போய் மஹ்பூபாவைத் தாங்கிக் கூட்டி வந்து கட்டிலில் படுக்க வைத்தார். ஆறு மணிக்கு மிக மோசமாக இருந்த ஆறு பேரை இயந்திரத்தில் போட்டோம். முதல் ஒரு மணி நேரத்தில் மஹ்பூபாவின் மூச்சு இருபத்துநாலுக்கு இறங்கியது. பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது.

அப்போதுதான் மீரான் மனைவியிடம் குனிந்து, மோட்டாரை எரித்தது தான்தான் என்று சொன்னார். நான் இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நேத்தே தெரியும்" என்றார் மஹ்பூபா. "நேத்து மத்தியானம் சோறு போட்டேன், சாப்புடல. நம்ம தப்பு இல்லன்னா நீங்க சாப்புடாம இருக்கமாட்டீங்க."

மீரான் போர்வையை இழுத்துவிட்டார்.

பெரியகருப்பன் அண்ணனைத் தொற்றில் போனவர்களை அடக்கம் செய்கிறபடி செய்தார்கள். பிளாஸ்டிக் சுற்றி, யாரையும் கிட்ட விடாமல். தாளிலும் அதையே எழுதினார்கள். ஊரில் எல்லாரும் அதையே சொன்னார்கள். பொய் என்று சொல்ல முடியாது. தொற்றும் இருந்தது, தவறிப்போன டயாலிசிஸும் இருந்தது. எது எவ்வளவு என்று எந்த டாக்டரும் பிரித்துக் காட்ட முடியாது. நான் மீரானிடம் இதைப் பலமுறை சொன்னேன். பழி கிருமி மேல் விழுந்திருக்கிறது, விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும், ஆச்சியிடம் போய் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றேன். அது அவருடைய நன்மைக்காகச் சொன்னது என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

"அவரு என்னய நம்பிப் படுத்திருந்த மனுஷன் மிஸ்ஸி. நான் சொல்லாம இருந்தா, அவரு கட்டிலத் தாண்டி எப்படி தெனம் போவேன்?"

ஆச்சியின் தனிமைப்படுத்தல் முடிந்த மறுநாள் தண்ணீர்மலைக்குப் போனோம். நாலாவது மாடி. லிஃப்ட் வேலை செய்தது, ஆனால் மீரான் படியேறித்தான் வந்தார். துக்க வீடு, வாங்க என்று சொல்லவில்லை. ஆச்சி இரும்புக் கதவுக்கு உள்ளே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்; நாங்கள் வெளியே நின்றோம்.

மீரான் சுற்றி வளைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மோட்டாரைத் தான் தப்பாகக் கட்டியதையும், அதனால் சனிக்கிழமை அது எரிந்ததையும், சனிக்கிழமை அண்ணனுக்கு டயாலிசிஸ் நடந்திருந்தால் அவர் நெஞ்சில் நீர் ஏறியிருக்காது என்பதையும் வரிசையாகச் சொன்னார். தகட்டைப் படிக்காமல் கட்டினேன் என்றார். ஏன் படிக்கவில்லை என்பதைச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார். என் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை.

ஆச்சி நாற்காலியைக் கதவுக் கம்பிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கிருமி கொண்டுபோச்சுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். அதைத் திட்டிக்கிட்டே காலத்த ஓட்டியிருப்பேன். இப்ப உங்களயில்ல திட்டணும், மீரான். உங்கள எப்படித் திட்டுறது? சனிக்கெழம போன்ல பேசி வெச்சிட்டு, மீரான் பாத்துக்குவாரு, பயப்படாதேன்னு எனக்குச் சொல்லிட்டுத்தான் படுத்தாரு."

"திட்டுங்க ஆச்சி. அதுக்குத்தான் வந்தேன்."

"திட்ட வாய் வரல" என்றார் ஆச்சி. "இன்னிக்கு வரல. இன்னொரு நாளைக்கு வாங்க."

மீரான் தலையைக் குனிந்தபடி நின்றார். அறுபது வயது மனிதர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வாயைத் திறந்தால் போதும், இரண்டு வாக்கியம்தான். அவர் சுரண்டிப் பார்க்கிறேன் என்றார், நான் வேண்டாம் என்றேன். பதினேழு வருடமாக எல்லாரையும் அதட்டின வாய்க்கு அது ஒன்றும் பெரிய வேலையில்லை.

ஆச்சி என் பக்கம் திரும்பினார். "நீங்க இவருக்குத் தொணைக்கு வந்தீங்களாம்மா?"

"ஆமா ஆச்சி" என்றேன். "தொணைக்குத்தான் வந்தேன்."